மார்ச் மாதத்தில் மூன்று பில் குறைகிறது

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். நவம்பர் பில்கள் வந்தன. ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

* * *

ஜனவரி 15

அன்புத் தம்பி வாலுக்கு,

ஐம்பத்திரண்டு வயது ஆளை வாலு என்று கூப்பிட்டால் உன் பெண்டாட்டி சிரிப்பாள். சிரிக்கட்டும், நல்லதுதான். நான் சுகம். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் முனகுகிறது. காது போன வருஷம் எப்படியோ அப்படியே, அதாவது கேட்பதில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இன்னமும் லிஃப்ட் குழிக்குள் நீயேதான் இறங்கிக் குனிகிறாயா? உனக்குக் கீழே இரண்டு மெக்கானிக் இருப்பதாகச் சொன்னாயே, அவர்கள் என்ன மேலே நின்று வேடிக்கை பார்க்கிறார்களா?

உன் கடிதம் வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்வதற்குள் கடிதம் முடிந்துவிட்டது. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய செலவுக்காவது இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். சரி, உனக்கு வேலை அதிகம். எனக்குத் தெரியாதா?

ஒன்று மட்டும் நீ தவறாமல் செய்கிறாய், அதில் எனக்குத் திருப்தி. உன் கிரெடிட் கார்டை என் கையில் கொடுத்தபோது, "சும்மா தேய்ச்சுக்கோக்கா, ஸ்டேட்மென்ட் எனக்குத்தான் வரும், நான் கட்டிடறேன்"னு சொன்னாய். கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவளிடம் சொல்கிற பேச்சா அது? நான் பில் அனுப்புவேன், நீ ஒவ்வொன்றாய் ஒப்பிட்டு டிக் அடித்துவிட்டுப் பதில் எழுத வேண்டும், சம்மதம் இல்லை என்றால் கார்டைத் திருப்பி எடுத்துக்கொள் என்றேன். நாலு வருஷமாக ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

டிசம்பர் பில்கள் இத்துடன். தேதி வாரியாக அடுக்கி இடது மூலையில் குண்டூசி குத்தியிருக்கிறேன். மருந்துக்கடை மெஷின் பில் உன்னிடம் வந்து சேர்வதற்குள் வெளுத்துவிடும், அதனால் பின்பக்கம் பேனாவில் தொகை எழுதியிருக்கிறேன்.

உன் பெண் எப்படி இருக்கிறாள்? வேலைக்கு மனு போட்டாளே, என்ன ஆயிற்று?

அன்புடன்
அக்கா

* * *

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா? கொடுத்திருக்க மாட்டாய்.

ஒரு விஷயம். டிசம்பர் ஸ்டேட்மென்டில் ஒன்பது செலவு இருக்கிறது, நீ அனுப்பியது எட்டு பில். டிசம்பர் 11, ஹார்ட்வேர் கடை, 640. அதற்குப் பில் இல்லை. உன் கார்டை யாராவது எடுத்துத் தேய்த்துவிட்டார்களா என்று பயந்துபோனேன். கார்டு உன்னிடம் பத்திரமாக இருக்கிறதா? ஹார்ட்வேர் கடையில் உனக்கு என்ன வேலை? வீட்டில் ஏதாவது உடைந்துவிட்டதா? கதவா, குழாயா? சொல்லியிருந்தால் யாரையாவது அனுப்பச் சொல்லியிருப்பேனே. தனியாக ஏணியில் ஏறி வைக்காதே.

முதலில் கவர் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு சமையலறை மேஜையில் எல்லா பில்லையும் பரப்பி வைத்து மூன்று தடவை கூட்டினேன். நம் வீட்டம்மா பார்த்துவிட்டு, "என்ன, உங்க அக்கா ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துட்டீங்களா?"ன்னு கேட்டாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் உன் ஆபீசுக்குச் சாவி வாங்க வருவேனே, நீ தலையை நிமிர்த்தாமலே ஒரு விரலைத் தூக்கி "இரு" என்று காட்டுவாய். கூட்டல் முடிகிற வரைக்கும் அந்த விரல் இறங்காது. நானும் பெஞ்சில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு கல்யாணத் தரகர். வெளியே எடுக்க நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் கதவிடுக்கு வழியாக என் உதவியாளனுக்கு இரண்டு இடம் சொல்லிவிட்டார்.

உடனே பதில் போடு. கார்டை நிறுத்த வேண்டுமா என்று தெரிய வேண்டும்.

தம்பி

* * *

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் மிகவும் நலம். நீயும் வீட்டம்மாவும் பெண்ணும் நலமாக இருக்க வேண்டும். ஒத்தடம் கொடுத்தேன், நம்பினால் நம்பு.

கார்டு பத்திரம். 640 கதவுத் தாழ்ப்பாளுக்கு. பழையது சிக்கிக்கொண்டு ஒருநாள் உள்ளேயே மாட்டிக்கொண்டேன். கீழ்வீட்டுத் தையற்காரர் வந்து தோளால் இடித்துத் திறந்தார். பில், மேஜை டிராயரில் விரித்த காகிதத்துக்கு அடியில் போய் ஒளிந்திருந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு வவுச்சரைத் தொலைக்காதவளுக்கு மூக்கு உடைந்தது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கல்யாணத் தரகரை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், பால்காரன் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். அந்த விரல் சமாசாரம் எனக்கே ஞாபகம் இல்லை. அப்படியா செய்தேன்?

ஜனவரி பில்கள் இத்துடன். மொத்தம் ஒன்பது. நிதானமாகச் சரிபார்.

பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கூட எழுதவில்லையே?

அன்புடன்
அக்கா

* * *

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ தாழ்ப்பாள் விஷயத்தை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டு யாரும் வராமல் போயிருந்தால்?

இந்த மாதமும் ஒன்று இடிக்கிறது. ஜனவரி 19, துணிக்கடை, 275. பில் இல்லை. மறுபடியும் டிராயருக்கு அடியில் போய்விட்டதா? பில்களை ஒரு டப்பாவில் போட்டு வையேன். பிஸ்கட் டப்பா ஏதாவது காலியாக இருக்குமே.

இங்கே குளிர் குறையவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் விரல் மரத்துவிடுகிறது. புதுக் கையுறை வாங்கினேன், அதைப் போட்டுக்கொண்டால் திருகாணி கைக்கு அகப்படவில்லை. ஒரு விரலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறேன். ஊரே சிரிக்கிறது.

பெண் நலம். 275 என்னவென்று எழுது.

தம்பி

* * *

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒற்றை விரல் கையுறையோடு உன்னை ஒருதடவை பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வெட்டிய ஓரத்தைத் தைத்துவிடு, இல்லாவிட்டால் நூல் பிரிந்து மெஷினில் சிக்கும்.

275 தலையணை உறை என்று நினைக்கிறேன். பில்லை எங்கே வைத்தேனோ, மறதி. தேடிப் பார்க்கிறேன். பிப்ரவரி பில்களை அனுப்பியிருக்கிறேன். இதில் எத்தனை குறைகிறதோ, நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தையற்காரர் கடையை ஒரு வாரம் பூட்டிவிட்டு மகளைப் பார்க்கப் போயிருந்தார். அந்த ஒரு வாரமும் யாரிடமும் பேசவில்லை. எட்டாவது நாள் பால்காரனிடம் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வேறு யாருடையதோ மாதிரி வந்தது. எனக்கே எங்கே கேட்டது, தொண்டையில் உணர்ந்ததுதான். போகட்டும்.

"பெண் நலம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாய். நான் அவளுக்கு அத்தைதானே, அண்டை வீட்டுக்காரியா?

அன்புடன்
அக்கா

* * *

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதுகிறாய். எனக்கு அது நம்பிக்கையாக இல்லை. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. கோபிக்காமல் கடைசி வரை படி.

ஜனவரியில் ஒரு பில் குறைந்தது. பிப்ரவரியில் இரண்டு. ஏப்ரல் 5-ஆம் தேதி நீ அனுப்பிய மார்ச் கவரில் மூன்று குறைகிறது. வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். நீ பில்லைத் தொலைக்கிற ஆள் இல்லை. "மறதி" என்று உன் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறாய். இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நம் வீட்டம்மா. அவளிடம் காட்டினேன். "முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, இப்ப மூணு. இது வளர்ற விஷயங்க. அடுப்பை அணைக்க மறந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தையற்காரருக்கு போன் பண்ணினேன். "நல்லாத்தான் இருக்காங்க சார். கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கறதில்ல. சில நாள் தனியா சிரிச்சுக்கிட்டிருக்காங்கன்னு பால்காரன் சொன்னான்"னு சொன்னார்.

உன் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். சுத்தமான இடம். தனி அறை, வேளைக்குச் சாப்பாடு, எந்நேரமும் ஒரு நர்ஸ். ஜூலையில் ஓர் அறை காலியாகிறது, முன்பணம் கட்டிவிட்டேன். ஜூன் ஒன்றாம் தேதி உன் வாடகை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிடலாம். மாதக் கட்டணத்தை நான் நேரே அவர்களுக்குக் கட்டிவிடுவேன். கார்டு, பில், ஒப்பிடுவது, எந்தத் தொல்லையும் இனி உனக்கு இல்லை.

என்னைத் தப்பாக நினைக்காதே. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வேறு என்ன செய்ய முடியும் என்று நீயே சொல்லு. அடித்து அடித்து எழுதியதில் மூன்று பக்கம் ஆகிவிட்டது, கை வலிக்கிறது.

தம்பி

* * *

ஏப்ரல் 30

தம்பிக்கு,

உடம்பு நலம்தான். மனசைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யாரைக் கேட்டு முன்பணம் கட்டினாய்? இது என் வீடு. வாடகை என் ஓய்வூதியத்தில் போகிறது, உன் கார்டில் இல்லை. பதினெட்டு வருஷமாக இந்த ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டிக்கொண்டிருப்பவள் நான். இன்னொருத்தர் மணியடித்துக் கூப்பிட்டுப் போடுகிற சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க மாட்டேன். அந்த மணி எனக்குக் கேட்கவும் கேட்காது.

எனக்கு மறதி இல்லை. உனக்கு அம்மை போட்டது எந்தத் தேதி என்று கேள். முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்த குடையின் நிறத்தைக் கேள். காது கேட்காதவள் கூப்பிட்டால் எப்படித் திரும்புவாள்? அந்தத் தையற்காரர் அளவெடுப்பதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. தனியாகச் சிரித்தேன், ஆமாம். எதற்குச் சிரித்தேன் என்று உனக்கு எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா?

பில் குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைக் கேட்காதே. இனிமேல் குறையாது.

அக்கா

* * *

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் புரிகிறது. உடம்புக்கு ஆகாது, கொஞ்சம் ஆறப்போடு.

அம்மை, குடை எல்லாம் ஞாபகம் இருப்பதுதான் கவலையே. "பழசு அப்படியே நிக்கும், நேத்து நடந்ததுதான் போயிடும்"னு வீட்டம்மா சொல்கிறாள். மறப்பவருக்கு மறப்பது தெரியாதாம். நீ "எனக்கு மறதி இல்லை" என்று எழுதும்போது நான் எதை நம்புவது?

வேறு காரணம் இருக்கிறது என்கிறாய். என்ன காரணம் இருக்க முடியும்? யாராவது உன்னை மிரட்டி கார்டை வாங்கித் தேய்க்கிறார்களா? யாருக்காவது ரகசியமாக உதவுகிறாயா? எதுவாக இருந்தாலும் எழுது. திட்ட மாட்டேன். எழுதாவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிவிடுவேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கப்புறம் என்னால் நிம்மதியாக இருக்க முடியாதுக்கா.

தம்பி

* * *

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஜனவரி 19, துணிக்கடை, தலையணை உறை, 275. பிப்ரவரி 6, ஸ்டேஷனரி கடை, கடிதத்தாளும் கவரும், 130. பிப்ரவரி 17, மருந்துக்கடை, 410. மார்ச் 3, பல்ப், 95. மார்ச் 14, அரிசியும் எண்ணெயும், 880. மார்ச் 27, செருப்பு, 560. எதையும் பார்க்காமல் எழுதினேன். ஸ்டேட்மென்டை எடுத்து வைத்து டிக் அடி. பில்கள் ஆறும் இந்தக் கவரிலேயே இருக்கின்றன. ஒன்றும் தொலையவில்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் பில் உண்மையிலேயே தொலைந்தது. அதற்கு முன்னால் நாலு வருஷமாக, மாதா மாதம், "எல்லாம் சரி" என்று இரண்டு வரி எழுதினாய். ஒரு பில் காணாமல் போனதும் ஒரு பக்கம் முழுக்க எழுதினாய். கதவா குழாயா என்று கேட்டாய். ஏணியில் ஏறாதே என்றாய். என்னை ஒருத்தர் ஏணியில் ஏறாதே என்று சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? அதனால் அடுத்த மாதம் வேண்டுமென்றே ஒன்றை எடுத்து வைத்தேன். கடிதம் வந்தது, கொஞ்சம் சிறியதாக. அடுத்த மாதம் இரண்டை எடுத்தேன். அதற்குப் பதிலே இல்லை. மூன்றை எடுத்தேன். ஒரு பில்லுக்கு ஒரு பக்கம் என்று கணக்குப் போட்டேன்டா. கணக்கு தப்பவில்லை, மூன்று பக்கம் வந்தது. என்னை வீட்டை விட்டுக் கிளப்பிவிடுகிற மூன்று பக்கம்.

ஆபீசிலும் இப்படித்தான். கணக்கு நேராகிவிட்ட நாளில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் கிளம்பிவிடுவார்கள். ஏதாவது இடித்தால்தான் பிரிவு முழுக்க ஒரே மேஜையில் உட்காரும். டீ வரும், சண்டை வரும், ஒருத்தர் வீட்டுக் கதை இன்னொருத்தருக்குத் தெரியும். கல்யாணமாகாத, வீட்டுக்குத் திரும்பிப் போக அவசரமில்லாத எனக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நீயும் வீட்டம்மாவும் எனக்காகப் பயந்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

எனக்குத் தனிமையாக இருக்கிறது. அதை நேராக எழுதத் தெரியவில்லை. பில்லை மறைக்கத்தான் தெரிந்தது. இதற்கு மேல் உன் இஷ்டம்.

அக்கா

* * *

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுத வந்தேன், ஆனால் இந்தத் தடவை பொய் வேண்டாம் என்று தோன்றுகிறது.

உன் கடிதம் மே 29 வந்தது. ஆறு பில்லும் ஒரு பைசா பிசகாமல் சரியாக இருந்தது. ஜூன் ஒன்றாம் தேதி காலையிலேயே வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, காலி செய்யவில்லை, யாராவது ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இல்லத்தில் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். போகட்டும்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். முதலில் பயங்கரக் கோபம். எங்களை என்ன பாடு படுத்திவிட்டாய் என்று வீட்டம்மாவிடம் கத்தினேன். அவள் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உங்களுக்குத்தாங்க வெக்கமா இருக்கணும்"னு சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். பிறகு எழுத உட்கார்ந்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன் அக்கா. "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதுவேன், அப்புறம் ஒன்றும் வராது. பில்லை எடுத்துவிட்டால் உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லையா என்று நினைத்தபோது பயமாகிவிட்டது. என்னைத் தூக்கி வளர்த்தவளிடம் பேச எனக்கு ஸ்டேட்மென்ட் தேவைப்படுகிறது.

நீ திரும்பத் திரும்பக் கேட்டாயே, பெண் எப்படி என்று. ஜனவரியிலேயே வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள். நான் சொன்ன வேலைக்குப் போகவில்லை என்பதுதான் சண்டை. அம்மாவுக்குப் போன் பண்ணுகிறாள், எனக்கு இல்லை. அதை உனக்கு எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது, அதனால் "பெண் நலம்" என்று எழுதினேன். வீட்டம்மாவுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. நான் வரும்போது அவள் கிளம்புகிறாள். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுகிறேன். ஒரு ஆளுக்கு எதற்கு மேஜை?

இன்றைக்கு மழை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு சாத்தவே மாட்டேன் என்றது. இடுக்கில் ஒரு குழந்தையின் ஷூ. யாருடையது என்று தெரியவில்லை, காவலாளியிடம் கொடுத்தேன். வேறு செய்தி இல்லை. கடிதம் எழுத எனக்கு வரவில்லை என்று தெரிகிறது.

தம்பி

* * *

ஜூலை 12

அன்புள்ள வாலுக்கு,

நான் நலம், நிஜமாகவே. வீட்டுக்காரர் போன மாதம் மேலே ஏறி வந்து, "உங்க தம்பி போன் பண்ணாரு, நீங்க காலி பண்ணலையாமே, பண்றேன்னு எப்ப சொன்னீங்க?"ன்னு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். வீடு போகவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் உன்னிடமிருந்து ஒன்றும் வராததால், வீட்டை மீட்டுக்கொண்டு தம்பியைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் இந்த ஆறு வாரமும் இருந்தேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு வேண்டுமென்றே கடைக்குப் போய்விடுவேன். இல்லை என்று அவர் தலையாட்டுவதைப் பார்க்கத் தெம்பில்லை.

மூன்று தடவை படித்துவிட்டேன். உன் கடிதத்தில் பில் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, நான் விளக்கம் எழுதி அனுப்ப வேண்டியது ஒன்றும் இல்லை. இருந்தும் எழுதுகிறேன் பார்.

பெண்ணுக்கு நீ முதலில் எழுது. அவள் போன் பண்ணட்டும் என்று முறுக்கிக்கொண்டு நிற்காதே. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் ஷூ கதையையே எழுது, நன்றாகத்தான் இருக்கிறது. அவள் பதில் போடாவிட்டாலும் இன்னொன்று எழுது. பதில் வராத வீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். நின்றுகொண்டு சாப்பிடாதே. நானும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நேற்றிலிருந்து உட்கார்கிறேன்.

ஏப்ரல், மே, ஜூன் பில்கள் முப்பத்தொன்றும் இத்துடன். நீ சிரமப்பட்டுத் தேட வேண்டாம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சரியாக இருக்கிறது என்பதற்காக எழுதாமல் இருந்துவிடாதேடா.

அக்கா